கிட்டார் தலையில் ரெண்டு சிங்கம்

அழகர்சாமி: ...எங்கே செஞ்சதுன்னு சொன்னே?

ரெங்கராஜ்: லண்டன்ணே. மாமா ஒருத்தர் கப்பல்ல வந்தப்ப...

அழகர்சாமி: லண்டன்ல பலாமரம் நல்லா காய்க்குதா?

ரெங்கராஜ்: மரம் எதுவா இருந்தா என்னண்ணே, நீங்க பேரை ஒட்டுங்க.

அழகர்சாமி: இருபது வருஷமா இந்தப் புத்தூர்ல சைக்கிளுக்கும் டிரங்குப் பெட்டிக்கும் பெயிண்ட் அடிச்சுப் பேர் ஒட்டுறேன் தம்பி. மரத்தை மோந்தா ஊரைச் சொல்லிடுவேன். சரி, கிட்டார் தலையை இப்படித் திருப்பு. பேர் அச்சடிச்ச தாளைத் தண்ணியில போட்டிருக்கேன், ஊறட்டும்.

ரெங்கராஜ்: அண்ணே, அது தையல் மெஷின் பேராச்சே.

அழகர்சாமி: ரெண்டு சிங்கம், ஒரு கிரீடம், தங்கக் கலர்ல இங்கிலீஷ். வேறென்ன வேணும்? கைவசம் இது ஒண்ணுதான். யார் பாக்கப் போறது?

ரெங்கராஜ்: கம்பெனி கிளப்புல பாட்டுக் குழு வைக்கிறாங்க. ஆள் எடுக்கிறவர் ஒரு ஆபீசர். ஞாயித்துக்கிழமை மறுபடியும் தேர்வு.

அழகர்சாமி: ஆபீசருக்குத் தைக்கத் தெரியுமா?

ரெங்கராஜ்: சட்டைப் பட்டன் அறுந்தாலே டெய்லர் பங்களாவுக்கு வரணும்.

அழகர்சாமி: அப்ப பயமில்ல. பிடி... ஆடாம பிடி. தாள்லேருந்து படம் தானா வழுக்கி வரும். இழுத்தா சிங்கத்துக்கு வால் போயிடும்.

ரெங்கராஜ்: கோணலா இருக்கே.

அழகர்சாமி: உன் கை கோணல். ...ம். இப்ப நடுவுலேருந்து ஓரத்துக்குத் துணியால ஒத்தணும். உள்ளே காத்து நின்னா கொப்புளம். ...ஆச்சு.

ரெங்கராஜ்: வார்னிஷையும் உடனே அடிச்சிடுங்களேன்.

அழகர்சாமி: ஈரத்து மேல அடிச்சா பால் ஊத்தின மாதிரி வெளுத்துப்போகும். வெயில்ல காயட்டும். அதுவரைக்கும் சொல்லு, பேர் ஒட்டாம வாசிச்சா சத்தம் வராதா?

ரெங்கராஜ்: போன வாரம் அப்படித்தான் போனேன். தலையைப் பாத்தார், பேர் இல்ல. 'எங்கே செஞ்சது'ன்னார். உறையூர்னேன். 'கட்டில் செஞ்ச மிச்சமா'ன்னு கேட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரு கம்பியைக்கூட தொட விடல.

அழகர்சாமி: ஆக, லண்டன் மாமா உறையூர்ல இறங்கிட்டார்.

ரெங்கராஜ்: ...சுடலைமுத்து ஆசாரி செஞ்சதுண்ணே. சிலோன் ரேடியோவைக் கேட்டுட்டு வெறும் பலகையில கம்பி கட்டித் தட்டிக்கிட்டிருந்தேன். அதைப் பாத்துட்டு அவராவே செஞ்சு குடுத்தார். கூலி எவ்வளவுன்னேன். 'தினம் ஒரு பாட்டு வாசி, வேலை பாத்துக்கிட்டே கேக்குறேன்'னார்.

அழகர்சாமி: வாசிக்கிறியா?

ரெங்கராஜ்: மூணு வருஷமா ஒரு நாள் விட்டதில்ல. பெத்தவங்களுக்கு அடுத்து அவர்தாண்ணே எனக்கு. நேத்துலேருந்துதான் அந்தத் தெருப்பக்கம் போகல. அவர் செஞ்ச சாமான்ல எவன் பேரையோ ஒட்டிக்கிட்டு எந்த மூஞ்சியோட போறது?

அழகர்சாமி: காஞ்சுடுச்சு. முதல் கை வார்னிஷ் லேசா பூசணும். நாளைக்கு ஒரு கை, சனிக்கிழமை காலையில ஒரு கை. அப்புறம் விரலால தடவினாக்கூட ஒட்டினது தெரியாது.

ரெங்கராஜ்: பூசினப்புறம் எடுக்க முடியாதில்ல?

அழகர்சாமி: மரத்தோடதான் எடுக்கணும்.

ரெங்கராஜ்: அப்ப வேணாம்ணே. சுரண்டிடுங்க.

அழகர்சாமி: கையைப் பிடிக்காதே தம்பி, சொட்டிடும்.

ரெங்கராஜ்: நெசமாத்தான் சொல்றேன். எனக்குக் குழுவும் வேணாம், கிளப்பும் வேணாம். அந்த மனுஷன் பாத்தா நொந்துபோவார்.

அழகர்சாமி: நொந்து போறவரா இந்தத் தாளைக் கொண்டாந்து குடுப்பார்? தையல் மெஷினுக்கு மேசை செய்யிறவர்கிட்டத்தானே இதெல்லாம் கிடக்கும். பேர் ஒட்டுற கடை எதுன்னு நீ உறையூர் பூரா விசாரிச்சிருக்கே, அவர் காதுல விழாதா? நேத்தே இங்கே வந்து உக்காந்துட்டார். 'ரெங்கராஜுன்னு ஒருத்தன் வருவான், லண்டன்னு புளுகுவான், நான் வந்ததைச் சொல்லாதே. அந்த ஆபீசருக்கு இங்கிலீஷ் எழுத்தைப் பாத்தாத்தான் காது கேக்குமாம், நல்லாப் பெரிசா ஒட்டி விடு'ன்னார்.