ஆற்றுக்கு வந்த அண்ணன்

மன்னார்புரத்தில் நான் ஏறிய பஸ் காவிரிப் பாலத்தைத் தொட்டபோது, முன் சீட்டில் வெள்ளைப் புடவை கட்டிய பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "எங்க அண்ணன் கம்போட வந்துட்டாருங்க."

"ஐயையோ! எங்க?"

"ஆத்துக்குத்தான். எங்க பெந்தெகொஸ்தே சபையில அன்னிக்குத்தான் முதல் ஞானஸ்நானம். எனக்கும் இன்னும் நாலு பேருக்கும். நான் சபைக்குப் போனதிலேர்ந்து ஆறு மாசமா அவர் என்கிட்ட பேசல. பாஸ்டரே பயந்துட்டாரு."

"அடிச்சாரா?"

"இல்லைங்க. விறுவிறுன்னு தண்ணியில இறங்கி, கம்பை ஊனிப் பார்த்தாரு. 'இங்க பள்ளமா இருக்கு. அந்தப் பக்கம் இடுப்பளவுதான், அங்க கூட்டிட்டுப் போங்க'ன்னு பாஸ்டர்கிட்ட சொன்னாரு."

"அப்பாடா! உங்ககிட்ட பேசினாரா?"

"முழுகிக் கரையேறினதும், 'தலையை நல்லாத் துவட்டும்மா'ன்னாரு."