முதலில் யாருக்குக் கட்டுவது?

"முதலாளி ரூம் வேணாங்க. அந்த இடத்துல டொய்லட் கட்டுவோம்."

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிய அக்கா தன் கணவரிடம் இப்படிச் சொன்னதும், பிள்ளைகளே, முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். இருவரும் சின்னத் தையல் தொழிற்சாலை நடத்துகிறவர்கள்; அதற்குப் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஓடர் தர வாறவங்கள எங்க இருத்துற?"

"வாசல்ல இருக்கட்டும். தைக்கிற பிள்ளைங்க, ஒதுங்க இடமில்லாம, தண்ணி குடிக்கவே பயப்படுதுங்க. இந்தியாவுல எங்க தாத்தா வேலை செஞ்ச மில்லு, அந்தப் பக்கத்துக்கே முதல் மில்லு. அந்த முதலாளி தனக்கு ரூம் கட்ட முந்தி வேலையாட்களுக்குத்தான் குழாயும் கக்கூசும் கட்டினாராம். தாத்தா அதைச் சொல்லாத நாளில்ல."

"அவர் கோடீஸ்வரர், புள்ள."

"அப்ப அவர்கிட்டயும் தகரக் கொட்டில்தான் இருந்திச்சு."

பம்பலப்பிட்டி வந்ததும் கணவர் கட்டட வேலை செய்யும் மேசன் பாஸுக்குப் போன் எடுத்தார்.

"பாஸ், முதலாளி ரூமையும் ஏசியையும் விடுங்க, டொய்லட்டுக்குப் பைப் இழுங்க. எங்க முதலாளியம்மா சொல்லிட்டா," என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி.