இரண்டாம் வளைவில் ஜீப்

ஓடுகிறோம். கடுக்காய் மரங்களுக்குள். முள் கிழிக்கிறது. நிற்கவில்லை.

"ஜீப்பு! ஜீப்பு வருது! ஓடுங்க!"

கத்தியவன் நான்.

கொரோனாவின் இரண்டாம் வருஷம். வைகாசி. காலை எட்டு மணி. கீழே இரண்டாம் வளைவில் கியர் மாறும் சத்தம். ஒரு உறுமல், ஒரு இருமல். கல்வராயன் மலையில் பிறந்த காதுக்கு அது போதும். ஜீப் என்றால் போலீஸ், சாராய ரெய்டு. ஊறல் பானை கிடைக்காவிட்டால் ஆளை ஏற்றுவார்கள். வேறு எதற்கும் எங்கள் ஊருக்கு ஜீப் வந்ததில்லை.

அக்கா முன்னால் ஓடுகிறாள். ஓடிக்கொண்டே சிரிக்கிறாள்.

"டேய், கஞ்சி காய்ச்சவே நம்ம வூட்டுல அரிசி இல்ல. நான் இன்னாத்துக்குடா ஓடிக்கினு கீறேன்?"

"ஓடுக்கா! சிக்கினவங்களத்தான் புடிப்பாங்க!"

பின்னால் ஒரு பெண் குரல். நர்ஸ்.

"ஓடாதீங்க! கொரோனா ஊசி போட வந்திருக்கோங்க!"

கேட்டது. தெளிவாகவே கேட்டது. நம்பவில்லை. போன தடவை ரேஷன் கார்டு என்று கூப்பிட்டுத்தான் ஏற்றிப் போனார்கள்.

அக்கா நின்றாள். திரும்பிப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

பதினொரு மணிக்கு ஜீப் இறங்கியது.

மறுநாள் மலை ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். நர்ஸம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மூணு குப்பி, முப்பது ஊசி. கள்ளக்குறிச்சிக்கே திரும்பிடுச்சுங்க. இனிமே ஸ்டாக் கம்மி. நாப்பத்தஞ்சு வயசுக்குக் கீழன்னா போன்லதான் பதியணும்."

எங்கள் ஊரில் சிக்னல் ஒரு பாறை மேல் மட்டும். தினமும் ஏறினேன். அக்காவின் ஆதார் நம்பரை அழுத்தி முடிப்பதற்குள் அன்றைய ஊசிக்கான இடம் தீர்ந்துவிடும். ஒரு நாள் பாறையிலிருந்து பார்க்கிறேன். கார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் போனில் இடம் பிடித்த பட்டணத்துக்காரர்கள். ஊசி போட்டுக்கொண்டு, மரத்தடியில் கட்டுச்சோறு தின்றுவிட்டு இறங்கினார்கள். ஊரில் யாரும் ஓடவில்லை. கார் சத்தத்துக்கு நாங்கள் ஓடுவதில்லை.

ஆனியில் அக்காவுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் மூச்சு இழுத்தது. தூளி கட்டித் தூக்கி இறங்கினோம். இரண்டாம் வளைவில் அந்த இழுப்புச் சத்தம் நின்றது.

ஆடியில் ஜீப் மறுபடி வந்தது. யாரும் கத்தவில்லை.

எண்ணிச் சொல்கிறேன். திரும்பிப் போன ஊசி முப்பது. அன்று ஓடியவர்கள் இருபத்தேழு பேர். ஆடிக்குள் போனவர்கள் மூன்று பேர். பக்கத்து வீட்டு அண்ணாமலை. அவர் சம்சாரம் பச்சையம்மா. என் அக்கா செல்லம்மா, வயது நாற்பத்து நான்கு.

நான் பிடித்து இழுத்தது அவள் இடது கை. ஊசி போடும் கை.