கைப்பெட்டியில் அடங்குகிற கருவி

விமானத்தில் பெட்டிக்கு இவ்வளவு எடைதான் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் ரீபிரீதர் கருவி வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது அதைப் பற்றித்தான். ஆழம், நேரம் எல்லாம் அப்புறம். ஆசைப்பட்டுப் பெரிய கருவியை வாங்கிவிட்டு விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து போட்டு முழிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு இந்தத் தொழில் பழக்கமில்லை என்றீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண சிலிண்டரில் விடுகிற மூச்சு குமிழியாகப் போய்விடும். ரீபிரீதர் அதை வீணாக்காது. ஒரு டப்பாவில் சுண்ணாம்புக் குருணை இருக்கும். அது கரியமில வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சக் காற்றில் ஆக்சிஜன் சேர்ந்து மறுபடி நம் வாய்க்கே வரும். குருணைக்கு ஆயுள் குறைவு. சக்தி தீர்ந்துபோன குருணை பார்க்கப் புதியது மாதிரியே இருக்கும்.

கடை அத்தானுடையது. என் அக்காவின் கணவர். ஆழ்கடலில் இறங்குவதில் அவருக்கு நல்ல பேர் இருந்தது. விற்பனை என் பொறுப்பு. யார் வந்தாலும் கடைசியில் ஒன்று சொல்லி அனுப்புவேன்: பயமாக இருந்தால் இறங்காதீர்கள், காரணம்கூடச் சொல்ல வேண்டாம், கட்டைவிரலை மேலே காட்டினால் போதும், கூட இருப்பவர் கேள்வி கேட்காமல் மேலே வந்தாக வேண்டும். உலகம் முழுக்க இதுதான் விதி. நல்ல விதி.

எனக்கு ஆழம் பயம். முன்பு இருந்ததில்லை. போன வருஷம் ஒரு நாள் அடியில் இருட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று. நாள் முழுக்க ஆழத்தைப் பற்றி வாய் கிழியப் பேசி விற்கிறவன் நான். யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போதுதான் அத்தான் அந்த மூழ்கிய சரக்குக் கப்பலைப் பற்றி ஆரம்பித்தார். வேறொரு நாட்டில் இருக்கிறது. அதுவரை நாங்கள் போகாத ஆழம். இரண்டு பேருக்கும் பயணத்துக்குத் தோதாகப் புதுக் கருவி வாங்க வேண்டும், எது என்று என்னைக் கேட்டார்.

நான் சின்னக் கருவியைச் சொன்னேன். கைப்பெட்டியில் அடங்கும், தனியாக ஆள் வைத்துச் சுமக்க வேண்டியதில்லை. எல்லாம் உண்மைதான். அதன் குருணை டப்பாவும் சின்னது. இதை வைத்துக்கொண்டு அந்தக் கப்பலுக்குப் போக முடியாது, வாங்கிய பிறகு அவரே கணக்குப் போட்டுப் பார்த்துத் திட்டத்தைக் கைவிடுவார் என்று நம்பினேன்.

அவர் கணக்குப் போட்டார். "அடியில கொஞ்ச நேரம்தான் இருக்கப் போறோம், மாப்ளே. புதுக் குருணை போட்டா தாராளமா தாங்கும். நீ பார்த்து எடுத்தா தப்பாப் போகுமா?" என்று தோளில் தட்டினார்.

கிளம்புகிற அன்று அக்கா என்னைத் தனியே அழைத்தாள். "நீ கூடப் போறதாலதான்டா நான் தூங்குவேன்" என்றாள். அவள் இங்கே வந்துகொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அவள் வருவதற்குள் இதை எழுதி முடித்துவிடலாமா? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பேச முடியாது.

கப்பல் இருக்கும் ஊரில் படகுத்துறைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் அறை கொடுத்திருந்தார்கள். கழுவும் தொட்டி, குழாய்கள் காயப்போடக் கம்பி, மூலையில் பழைய குருணையைக் கொட்டும் வாளி. டப்பாக்களை நிரப்புவது எப்போதும் என் வேலை. அத்தான் வெளியே படகுக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னுடையதில் புதியதைப் போட்டேன். அவருடையதில் வாளியிலிருந்து அள்ளிப் போட்டேன். கொஞ்சம் கீழே சிந்தியது. பெருக்கித் துடைத்துவிட்டேன்.

என் எண்ணம் இதுதான். ஆழம் போகும் முன்னே, மேல்மட்டத்திலேயே கரியமில வாயு ஏறி அவருக்குத் தலை வலிக்கும். போகலாம் என்பார், திரும்பிவிடுவோம், என் மானமும் தப்பும்.

என் டப்பாவில் ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. என்னுடையதில் போட்டிருந்தால் தலைவலி எனக்கு வந்திருக்கும். திரும்பலாம் என்று நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இறங்கும் முன் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கருவியில் மூச்சு விட்டுப் பார்த்தோம். "எல்லாம் சரியா இருக்கா, அத்தான்?" என்றேன். விரலால் சரி என்று காட்டினார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பழைய குருணையும் ஓரளவு வேலை செய்யும். ஆழத்தில், உடம்பு உழைக்கும்போதுதான் கைவிடும். அந்த நேரத்தில் இது எனக்குத் தோன்றவில்லை என்றுதான் முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். வாரம் தவறாமல் யாருக்காவது இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான்.

கப்பலின் மேல்தளத்துக்கு வந்த பிறகுதான் அத்தானுக்கு அது தொடங்கியது. எனக்குச் சுற்றிலும் இருட்டு, பயத்தில் மூச்சு தாறுமாறாக வந்துகொண்டிருந்தது. அத்தானின் விளக்கு ஆடியது. அவர் வேகமாக மூச்சு வாங்குவது தெரிந்தது. என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை மேலே காட்டினார். நான் காத்திருந்த சைகை.

அவரவர் பக்கத்தில் அவசர சிலிண்டர் உண்டு. கருவியின் வாய்க்குழாயை எடுத்துவிட்டு சிலிண்டர் குழாயைக் கடித்துக்கொண்டால் பிழைத்துவிடலாம். ஆனால் அப்படி மூச்சு வாங்கும்போது வாயிலிருப்பதை ஒரு நொடிகூட எடுக்க மனசு வராது. கூட இருப்பவன்தான் பிடுங்கிவிட்டு மற்றதைத் திணிக்க வேண்டும். நாங்கள் இருவரும் அதைப் பலமுறை பழகியிருக்கிறோம். கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தேன். நீரோட்டம் இழுத்துவிட்டது என்று சொன்னது பொய்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். முகக்கண்ணாடிக்குள் அவர் கண்கள் நன்றாகத் தெரிந்தன. அத்தனை வருஷத்தில் அத்தான் பயந்து நான் பார்த்ததில்லை. என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் படபடப்பு அடங்கி, மூச்சு சீராக வந்தது. உடனே கை நீட்டியிருக்கலாம். அந்தக் கண்களை இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று, அவர் பிடி தளரும்வரை இருந்துவிட்டேன்.