தடுத்தாலும் விழுற உதை

சமாதானம் பண்ற வேலையெல்லாம் வேணாம் சார். இந்த வீடியோ கேம் போட்டிக்கு நீங்க நடுவர்தானே, அந்தக் கோப்பையைத் திரும்ப வாங்குங்க. ஃபைனல்ல என்மேல போட்ட சுழல் உதை இருக்கே, அது கேமே இல்ல, அயோக்கியத்தனம். தடுத்தாலும் பாதி உசுரு போகுது. குதிச்சா காலைப் புடிச்சு இழுத்துப் போடுது. விழுந்து எந்திரிக்கிறேன், திரும்ப அதே உதை. எந்திரிக்கிறேன், திரும்ப அதே. கன்ட்ரோலர்ல ஒரே பட்டனை அமுக்கிட்டு இருக்கறதுக்குப் பேரு ஆட்டமா?

விதியில தடை இல்லையா? அப்ப விதிய எழுதினவனக் கூட்டிட்டு வாங்க. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.

ஏன், அந்த உதை போடுற அதே கேரக்டரை நானும்தான் எடுத்தேன், கடைசி ரவுண்டுல. நீங்க பாக்கல, போன் நோண்டிட்டு இருந்தீங்க. அதே உதைய நான் போட்டா, எதிர்ல ஆடுற ஆளு சும்மா சைடுல ஒரு எட்டு நகந்து, முதுகுல ஒரு குத்து. அவ்ளோதான், நான் காலி. ஆமா, அப்ப அதுக்கு மருந்து இருக்குதான். இருந்து என்ன பிரயோஜனம், எனக்கு யாரும் சொல்லலையே.

பழக்கம் பத்தலையா? யாரைப் பாத்து என்ன பேசறீங்க? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, வேலை விட்டு வந்ததும் சட்டையக்கூடக் கழட்டாம உக்காந்து ஆடுறவன் நான். ஒரு நாள்கூடத் தோத்ததில்ல. பக்கத்து வீட்ல கேட்டுப் பாருங்க, நான் ஜெயிச்சா போடுற சத்தம் அவங்களுக்குத் தெரியும்.

யாரோடவா? வீட்ல வேற யாரு இருக்கா, என் பொண்டாட்டியோடதான். அதோ, கோப்பையப் புடிச்சிட்டு போட்டோவுக்கு நிக்கிறாளே, அவதான்.

இத்தனை வருஷத்துல அந்த உதைய என்மேல ஒரு தடவ போட்டிருப்பாளா? இல்ல. ஏண்டி மறைச்சேன்னு இப்பதான் கேட்டேன். 'நீங்க தோத்தா வீட்ல மனுஷி இருக்க முடியாதுங்க, அதான் நானே தோத்துட்டு இருந்தேன்'னு சொல்றா. நான் ஜெயிச்சதெல்லாம் அவ போட்ட பிச்சையா? சரி, இன்னிக்கு மட்டும் என்னன்னேன். 'இங்க நீங்க கத்தினா ஏன்னு கேக்க நாலு பேர் இருக்காங்க'ன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

என்னது, மெதுவா பேசணுமா? நான் எப்ப சார் கத்தினேன்?