தோளில் போட்டுத் தூக்கி வந்த கதை

ஆமா, இவருதான் அந்தப் படத்துல இருக்கிறது. நீங்க பண்டாரவளையில இருந்து வரும்போது வழிநெடுகப் பாத்திருப்பீங்களே. முன்னால எலக்சன் கேக்குற ஜெனரல் சாரு, தோள்ல ஒரு ஆளு துணிமூட்டை மாதிரி தொங்கிக்கிட்டு. அந்தத் துணிமூட்டைதான் எங்க வீட்டுக்காரரு. வரைஞ்சவன் மீசை இல்லாம வரைஞ்சிட்டான். இவருக்கு அதுதான் கவலை. கீழ மூணு பாஷையிலயும் என்னா போட்டிருக்கு, இனம் பார்க்காத தோள். வாசிச்சீங்களா? நல்லாத்தான் எழுதியிருக்கான். எவனோ கொழும்புல படிச்சவன் எழுதியிருப்பான்.

அந்தக் கதிரை ஆடும், இதுல உக்காருங்க கம்சலா. கம்சலான்னுதானே சொன்னீங்க? சீனி இல்லாமயா குடிப்பீங்க? சரி, உங்க இஷ்டம். அவரு உள்ள சவரம் பண்ணிக்கிட்டு இருக்காரு, அது லேசுல முடியாது. கல்யாணத்தன்னைக்குக் கூட இவ்வளவு நேரம் எடுக்கல. மூணு மணிக்கு வேன் வரும், நாலு மணிக்குப் பதுளை டவுன்ல கூட்டம். அது வரைக்கும் என்னையக் கேக்கணும்னா கேளுங்க. நான் பேசுவேன். அவருதான் பேச மாட்டாரு.

உங்க பேப்பருக்குக் கேக்குற கேள்வியை இன்னொரு தடவை சொல்லுங்க. யுத்தத்துல சண்டை போட்டவங்கள நாட்டுக்குத் தலைவராக்கலாமா. ம். எங்க கொன்வென்ட்ல சிஸ்டர் இப்படித்தான் விவாதப் போட்டிக்குத் தலைப்பு குடுப்பாங்க. நான் எந்தப் பக்கம் நின்னாலும் ஜெயிப்பேன். அதுக்காகவே சிஸ்டர் என்னை மொனிட்டராக்கல, வாய் நீளம்னு.

சண்டை போட்டவன்னா யாரு, அத மொதல்ல சொல்லுங்க. மேப்பை விரிச்சு வச்சு கை காட்டுனவரா, கை காட்டுன பக்கம் போனவரா? போனவங்க யாரும் வோட்டுக் கேட்டு வந்ததை நான் பாக்கலம்மா. அவங்க கையும் காலும் இல்லாம லொத்தர் டிக்கெட் வித்துக்கிட்டு இருக்காங்க. கை காட்டுனவங்கதான் வாறாங்க. இவரையும் ஒருத்தரும் தலைவராகுங்கன்னு கூப்புடல. மேடைக்குத்தான் கூப்புடுறாங்க.

அதுக்காக ஜெனரல் சாரு தலைவராக முடியாதுன்னு சொல்ல வரல. ஆவாரு. தாராளமா ஆவாரு. நம்ம சனத்துக்கு வரிசையில நின்னு பழக்கமில்லையா? தேயிலைத் தோட்டத்துல விடியக்காலைப் பெரட்டுல பேரு கூப்புட்டா ஆஜர்னு நிக்கணும், மலைக்குப் போன்னா போகணும். இன்னைக்குக் கூட்டத்துக்கும் அப்படித்தான். பூனாகலையில இருந்து பஸ் வருது, லுணுகலையில இருந்து பஸ் வருது. தோட்டத்துச் சங்கத் தலைவர்மாரு ஆள் புடிச்சு, பேரு பாத்து ஏத்துறாங்க. சாப்பாட்டுப் பார்சல் உண்டு. நாட்டையே ஒரு பெரட்டுக்களம் மாதிரி நடத்துனா நல்லா இருக்கும்னு எங்க அண்ணனே சொல்றாரு. பசார்ல கடை வச்சிருக்கவரு, அவருக்கென்ன, கொழுந்துக் கூடை தூக்குனவரா?

தமிழ் ஆளு சிங்கள ஆமியில எப்படின்னு கேக்குறீங்களா? எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. இருந்தாங்கம்மா. விரல்விட்டு எண்ணலாம். இவரு பூனாகலைப் பக்கம் தோட்டத்து லயத்துல, ஒத்தை ரூம் லைன் வீட்டுல பொறந்தவரு. மாமியார், ரெங்கம்மான்னு பேரு, கொழுந்து எடுத்தே முதுகு வளைஞ்சு போனவங்க. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வர மாட்டாருன்னு புள்ளைய ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிங்களப் பள்ளிக்கூடத்துல போட்டுட்டாங்க. சிங்களம் தண்ணி மாதிரி பேசுவாரு. தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும்னு ஆமியில எடுத்துக்கிட்டாங்க. பேரு நிமலன். அவங்க நிமல்னு எழுதிக்கிட்டாங்க. வாலை வெட்டுனா சிங்களப் பேரு. இப்ப நோட்டீஸ்ல பாருங்க, வெட்டுன வாலை மறுபடி ஒட்டி, தமிழ் வீரர் நிமலன்னு பெருசா போட்டிருக்கு. தேவைப்படுதில்ல?

லீவுல வந்தா தோட்டத்துல ஒருத்தரும் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. பயம். கோயில் திருவிழாவுக்கு வரி வாங்க எல்லா வீட்டுக்கும் வருவாங்க, மாமியார் வீட்டுக்கு மட்டும் வர மாட்டாங்க. சரி, அது அந்தப் பக்கம்னு பாத்தா, இந்தப் பக்கம் என்னா நடந்துச்சு தெரியுமா? பஸ்ல வரும்போது செக்பொயின்ட்டுல இறக்கி, அம்மா பேரு ரெங்கம்மாவா, புலியான்னு கேட்டு நிக்க வச்சிருக்கான். இவரு ஆமி ஐடியக் காட்டுனா, இது கள்ள ஐடின்னு இன்னும் ரெண்டு அறை. சிரிக்கிறீங்க. நானும் அப்ப சிரிச்சேன். அந்தக் கதையச் சொல்லித்தான் இவரு என்னையக் கட்டிக்கிட்டாரு. எங்க அப்பா கடை வாசல்ல நின்னு, கன்னத்தைத் தடவிக்கிட்டே சொன்னாரு. எங்க வீட்டுல ஒத்துக்கவே இல்ல. தோட்டத்தான், அதுலயும் ஆமிக்காரன்னு அம்மா படுத்துட்டாங்க. நான்தான் ஒத்தக்கால்ல நின்னு கட்டிக்கிட்டேன். ஒத்தக்கால்ல நின்னது நான். பாருங்க, கட்டைக்காலு யாருக்கு வந்து விடிஞ்சுதுன்னு.

இன்னைக்கு இவரு அந்த மேடையில ஏறக் கூடாதுன்னு நான் ஒரு வாரமா மல்லுக்கு நிக்கிறேன். ஆமா. நீங்க படம் எடுக்க வந்திருக்கீங்க, நான் இப்படிச் சொல்றேன். என்னா செய்ய? சமைக்காம பாத்தேன், பேசாம பாத்தேன், எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு பேக்கையும் எடுத்து வச்சேன். போய்ட்டு வான்னு சொல்றாரு!

ஏனா? கால்சட்டைய முழங்காலுக்கு மேல மடிச்சு விட்டு நிக்கணுமாம். கூட்டம் ஒழுங்கு பண்றவன் வந்து சொல்லிட்டுப் போறான், காலு தெரிஞ்சாத்தான் பின்னால நிக்கிற சனத்துக்கு வெளங்குமாம். இத்தனை வருஷமா அந்த மனுஷன் என் முன்னாலயே அத மடிச்சு விட்டதில்ல. குளிச்சிட்டு வரும்போதும் சாரத்தை இழுத்து விட்டுக்குவாரு. அந்தக் காலை பதுளை டவுனே பாக்கணுமா?

இல்ல, அது மட்டும் காரணமில்ல. நீங்க கெட்டிக்காரி, சும்மா விட மாட்டீங்க.

அந்தக் கதைய நீங்க எப்படிக் கேள்விப்பட்டீங்க? ம், அதேதான், எல்லாரும் சொல்றது. யுத்தம் முடியுற காலம். சனமெல்லாம் மண் அணைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு இருக்கு. இவருக்கு வேலை, முன்னால போயி தமிழ்ல சத்தம் போட்டுக் கூப்புடுறது. வாங்க, பயப்படாதீங்க, தண்ணி இருக்கு, புள்ளைங்கள முன்னால விடுங்கன்னு. கூப்புட்டுக்கிட்டு இருக்கும்போதே புலி சுட்டுருச்சு. இவரு விழுந்துட்டாரு. அப்ப கேர்ணலா இருந்த நம்ம சாரு, குண்டு பறக்கப் பறக்க ஓடிப் போயி, தமிழன்னு பாக்காம தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துட்டாரு. உசுரு பொழைச்சுது, காலு போச்சு. ஒரு வார்த்தை மாறாம சொல்றீங்க. நானும் இத்தனை வருஷமா இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், கல்யாண வீடு செத்த வீடு பாக்காம.

அந்தச் சாருக்காக நான் என்னா செஞ்சேன்னு கேளுங்க. மாசாமாசம் முருகன் கோயில்ல அவரு பேருல அர்ச்சனை. ஐயரு நட்சத்திரம் என்னான்னு கேட்டாரு. சிங்கள மனுஷன், பௌத்தரு, எனக்கென்ன தெரியும்? இவரை விட்டு போன் போட்டுக் கேக்கச் சொன்னேன். சாரு விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, ரேவதின்னு சொன்னாராம். அவங்களுக்கும் சாதகம் உண்டில்ல. அன்னையில இருந்து ரேவதி நட்சத்திரம், என் புருஷன் பேரு, என் பேரு, அதுக்கப்புறம் அவரு பேரு. இல்ல, பொய் சொல்லக் கூடாது. அவரு பேருதான் முதல். ஐயரே சிரிப்பாரு, உங்க சொந்தக்காரரான்னு.

எனக்கு யாழ்ப்பாணத்துல ஒரு சிநேகிதி, கொன்வென்ட் போர்டிங்ல ஒண்ணா இருந்தவ. அவ தம்பி புலி இயக்கத்துல இருந்தவன். யுத்தம் முடிஞ்சு என்னையத் தேடி வந்தா. கதவைத் திறக்கல நான். உன் தம்பி ஆளுங்க என் புருஷன் காலை எடுத்துட்டாங்கன்னு ஜன்னல் வழியா சொன்னேன். வந்த வழியே போயிட்டா. சரி, அது கெடக்கட்டும்.

போன கிழமை சாரு இந்த வீட்டுக்கு வந்தாரு. ஆமா, இங்கதான், நீங்க உக்காந்திருக்க கதிரையில. வாசல்ல மூணு ஜீப்பு. தெருவே வந்து எட்டிப் பாக்குது. நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு உளுந்து வடை, கேசரின்னு அமர்க்களம். சாமியே வீட்டுக்கு வந்த மாதிரி. கொஞ்சம் பேசிட்டு, பாதுகாப்புக்கு வந்தவங்கள வெளிய நிக்கச் சொன்னாரு. நான் குசினியில தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன். நடுவுல இந்த ஒரு திரைச்சீலைதான். தமிழ்ப் பொம்பளைக்குச் சிங்களம் எங்க வெளங்கப் போவுதுன்னு நெனைச்சாரோ என்னமோ, சத்தத்தைக் குறைக்கவே இல்ல. எனக்குச் சிங்களம் சொல்லிக் குடுத்த சிஸ்டர் குருணாகலைக்காரி. எழுத்துப் பிழை விட்டா முட்டி போட வைப்பா. எனக்கு வெளங்காதா?

நிமல், அன்னைக்கு நடந்தது வீட்டுக்குத் தெரியுமான்னு கேக்குறாரு. இவரு சொல்றாரு, இல்ல சார், சொல்லல சார். கூட்டத்துல யாராவது நோண்டிக் கேட்டா? அந்தப் பக்கத்துல இருந்து வந்த வெடி, புலி சுட்டதுன்னு சொல்லுவேன் சார். நல்ல பையன்னு சொல்லிட்டு, திரைச்சீலை இடுக்குல பாக்குறேன், முழங்கால்ல தட்டிக் குடுத்தாரு. கட்டைக்கால்ல. இவருக்குத் தட்டுனது கூடத் தெரிஞ்சிருக்காது.

நான் தேத்தண்ணியக் கொண்டு போய் வச்சேன். சீனி போதுமா சார்னு சிங்களத்துலயே கேட்டேன். ஒரு செக்கன் என்னையவே பாத்தாரு. அப்புறம் நல்லாப் பேசுறீங்க மிஸிஸ்னு சிரிச்சாரு. வடை ரெண்டு சாப்பிட்டாரு.

அவரு போனப்புறம் இவரைப் புடிச்சு உலுக்கிட்டேன். சொல்லிட்டாரு. இவரை முன்னால அனுப்புனது சாருதான். பொழுது சாயுறதுக்கு முந்தி இவரு திரும்பியிருப்பாருன்னு நெனைச்சாராம். காவல் அரண்ல நின்னவங்களுக்குச் சொல்லி வைக்கல. இருட்டுன பிறகு முன்னால இருந்து தமிழ்ல குரல் வரவும், சுடுன்னுட்டாரு. ஆமா, சாருதான். வேற யாரு? நானும் புலி புலின்னு மண்ண வாரித் தூத்துனேன். இவரு கத்துனப்புறம்தான் சாருக்குக் குரல் பிடிபட்டிருக்கு. ஓடிப் போயி தூக்குனாரு. தூக்குனது நெசம்மா. அத நான் இல்லைன்னு சொல்லல.

இவரு கூப்புட்டதை நம்பி எழும்பி வந்த சனம் என்னாச்சுன்னு கேட்டேன். இவரு எந்திரிச்சு பின்பக்கம் போயிட்டாரு.

அப்புறம் சொல்றாரு, சாரு தெரியாமத்தானே செஞ்சாரு, வேற ஒஃபிசரா இருந்தா அங்கயே விட்டுட்டுப் போயிருப்பான்னு. தெரியாமத்தான். தமிழ்க் குரல்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. அதுவே போதுமா இருந்திருக்கு. எனக்குச் சாரு மேல கூட அவ்வளவு ஆத்திரம் இல்ல கம்சலா, அவரு யாரோ. இந்த மனுஷன் என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு, நான் அர்ச்சனைத் தட்டோட வந்து விபூதி பூசி விடும்போதெல்லாம் கண்ண மூடிக்கிட்டு நெத்தியக் காட்டுனாரே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேணாம்டின்னு கையத் தட்டி விட்டிருக்கலாமில்ல?

ஏன், போனை என்னாத்துக்கு நிப்பாட்டுறீங்க? அந்தச் சிவப்புப் புள்ளி நீங்க வந்து உக்காந்ததுல இருந்து எரியுறது எனக்குத் தெரியாதா? நான் நிப்பாட்டச் சொல்லலையே. என் பேரு போட்டே போடுங்க. விஜயலெட்சுமி நிமலன். யாரு சொன்னதுன்னு நாளைக்குக் கேப்பாங்கல்ல?

அந்தா, சப்பாத்துச் சத்தம் கேக்குது. வாங்க, வாங்க. மீசையெல்லாம் எடுப்பாத்தான் இருக்கு. வேன் வர இன்னும் நேரம் இருக்கு, உக்காருங்க. இந்தப் புள்ள கொழும்புல இருந்து வந்திருக்கு. சாரு உங்களத் தூக்கிட்டு வந்த கதைய உங்க வாயாலயே கேக்கணுமாம். சொல்லுங்க.