பத்தாவது எலும்பு

— அந்தக் கவரை முதல்ல என் மேஜை மேலேர்ந்து எடுங்க, பாஸ்கர். அதுல உங்க பேர் அச்சடிச்சிருக்கு. அது இங்க இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எனக்குத்தான் ஆபத்து.

— எடுத்துட்டனுங்க டாக்டர். பையில போட்டுட்டனுங்க. லெட்டரும் வேண்டாம், நானும் வேண்டாம். நான் வெளிய போயி வெயில்ல நிக்கறனுங்க. பெஞ்சுல படுத்திருக்கிற பொன்னுச்சாமியை மட்டும் சித்த பாருங்க.

— வெள்ளிக்கிழமை மத்தியானம். ஓ.பி. மூடியாச்சு. நான் வீட்டுக்குக் கிளம்பிட்டிருக்கேன். ஜலஜா சாப்பாட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.

— தெரியுமுங்க. நாளைக்கு வரைக்கும் தாங்காதுன்னுதான் வந்தனுங்க. மூணு வாரத்துக்கு முன்னால என் கடை மாடிப்படியை இவரே ஏறி வந்தாருங்க. இன்னிக்கு ரெண்டு பேரு தூக்கி டாக்சியில போட வேண்டியதாயிருச்சு.

— ஐயா, இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சுய்யா. காலையிலேர்ந்து ஒண்ணுக்கும் போக வரல. வயிறு கல்லாட்டம் கெடக்கு. டாக்டரண்ணந்தான் ஒடனே கெளம்புன்னு...

— ஏம்பா, யாரு டாக்டர்? இந்த ரூம்ல ஒரே ஒரு டாக்டர்தான் உண்டு. கேக்கிறப்போ பேசு, போதும்.

— அவரு பழக்கத்துல சொல்லிட்டாருங்க. விட்டுருங்க.

— பழக்கம் நீங்க பண்ணிவச்சதுதானே. உங்க கடை போர்டுல ‘டாக்டர்’ங்கிற எழுத்தை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்து எட்டு மாசம் ஆச்சு. கறுப்பு பெயின்ட் ஒரு பூச்சு பூசியிருக்கீங்க. வெயில் பட்டா உள்ள இருக்கிற எழுத்து பளிச்சுன்னு தெரியறது. நானே கார்லேர்ந்து பாத்தேன். இன்னொரு பூச்சு அடிங்க.

— அடிச்சர்றனுங்க. நாளைக்கே அடிச்சர்றேன். அமெரிக்காவுல நாலு வருசம் கைரோபிராக்டிக்னு, கையாலயே முதுகெலும்பைச் சரிபண்ற வைத்தியத்தையேதான் படிச்சனுங்க. இங்க வளைகுடாவுல லைசென்ஸ்ல மசாஜ் கடைன்னு எழுதிக் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டனுங்க. போன பொங்கலுக்கு உங்க வீட்டுல என்னையும் பிரபாவதியையும் டிரைவருங்களோட பந்தியில உக்கார வெச்சீங்க, சாப்பிட்டுட்டு வந்தமுங்க. அதுக்கெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. இந்த ஆளு காலுக்குத்தான் கையேந்தறனுங்க.

— பந்தியில எங்க உக்காத்தி வைக்கிறதுங்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு, பாஸ்கர். உங்க மேல எனக்கு என்ன கோபம்? பெரிய டாக்டர் சர்க்குலர் போட்டிருக்கார். வெள்ளைக்காரர், சொன்னா சொன்னதுதான். கைரோபிராக்டர் அனுப்பற ஆளைச் சேத்துக்கக் கூடாது. அவரோட கேஸ் பேசக் கூடாது. அவர் லெட்டருக்குப் பதில் போடக் கூடாது. இதுல எதைச் செஞ்சாலும் என் ரிஜிஸ்ட்ரேஷன் போயிடும். இப்ப உங்களோட பேசிக்கிட்டிருக்கிறதே தப்பு.

— அப்ப இவரு தானா வந்ததா நெனைச்சுக்குங்க.

— எப்படி நினைச்சுக்கிறது? மூணு தடவை உங்க லெட்டரைக் கொண்டு வந்திருக்கான். மூணும் ரெஜிஸ்டர்ல பதிவாகியிருக்கு.

— ஆமாய்யா, மூணு வாட்டி வந்தேன். டிரைவர் சித்தீக் பாய்தான் கூட்டியாந்து விட்டாரு. கவரப் பாத்த ஒடனே சன்னல்ல இருந்த மலையாளத்தம்பி சிரிச்சுப்புட்டு உள்ள குடுத்தாரு. திரும்பி வரும்போது அதுல செவப்பு மையில என்னமோ கிறுக்கியிருந்துச்சு. வேலைக்குப் போலாம்னுட்டாக. போனேன். சிமிட்டி மூட்ட தூக்குனேன்.

— அந்த சிவப்பு மையைப் படிச்சீங்களா, பாஸ்கர்?

— படிச்சனுங்க. குப்பைன்னு எழுதியிருந்தாருங்க பெரிய டாக்டர். பக்கத்துல உங்க எழுத்துல, முதுகு வலி, வேலைக்கு லாயக்குன்னு இருந்துச்சு.

— அப்புறம் என்ன?

— அதுல நான் எழுதியிருந்தது குப்பையில்லீங்க. முதுகுல கை வெச்ச ஒடனே விரல் சொல்லிருச்சுங்க, கழுத்துக்குக் கீழ எண்ணிக்கிட்டு வந்தா பத்தாவது எலும்பு பின்னால தள்ளிக்கிட்டு நிக்குது. சாயங்காலமானாக் காய்ச்சல். மூணு மாசத்துல ஆளு பாதியாயிட்டாரு. முழங்கால்ல சுத்தியல்ல தட்டுனாக் காலு துள்ளுது. டிபி எலும்புல எறங்கியிருக்குதுங்க. நரம்பை அழுத்துது. இதை நான் தொடக்கூடாது, தொட்டா ஆளு போயிருவாரு, கம்பெனி ஆஸ்பத்திரியிலதான் பாக்கோணும்னு எழுதுனேன். இது எனக்கு முடியாதுன்னு சொல்லத்தானுங்க மூணு லெட்டரும்.

— நோய் இன்னதுன்னு சொல்றது உங்க வேலை இல்லை.

— ஐயா, மொத வாட்டி வந்தப்ப இருட்டு ரூம்புல சட்டையக் கழட்டச் சொல்லிப் படம் புடிச்சாகளே. அதுல ஒண்ணும் தெரியலியா?

— படமா... அதுல வெளிச்சம் பட்டுப் போச்சு. ஒண்ணும் விழலை.

— மறுபடி ஒண்ணு எடுத்திருக்கலாமுங்களே டாக்டர்.

— முதுகு வலின்னு வர்றவனுக்கெல்லாம் மறுபடி மறுபடி படம் எடுத்துக்கிட்டிருந்தா இது ஆஸ்பத்திரியா, போட்டோ ஸ்டூடியோவா? விடுங்க அதை. சரி. ஒரே ஒரு வழி இருக்கு.

— சொல்லுங்க. எதுன்னாலும் செய்யறனுங்க.

— உக்காருங்க. பாருங்க, உங்ககிட்டேர்ந்து வந்த நோயாளியை நான் தொட முடியாது. ஆனா உங்களால கெட்டுப்போன நோயாளின்னா தொடலாம். அதுக்கு எந்த சர்க்குலரும் தடை சொல்லாது. இன்னும் சொல்லப்போனா, தொட்டே ஆகணும்.

— புரியலீங்க.

— நீங்க இவன் முதுகை முறுக்கினீங்க. அதனால கால் போச்சு. அப்படி எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இந்த நிமிஷமே படுக்கையில சேத்துடறேன்.

— நான் முறுக்கலீங்களே.

— அது எனக்கும் தெரியும்.

— யாத்தே, இதென்ன நாயம்? அவரு விரல வச்சு எண்ணுனதோட சரிய்யா. அதுக்கு மேல தொடவே இல்ல. எனக்கு ஒத்தாசையா கூட்டியாந்து விட்ட மனுசனப் போயி... மூணு வாட்டி வெரட்டுனது நீங்க, பழி அவருக்கா? குதிர கீழ தள்ளுனதுமில்லாம குழியும் பறிச்ச கதையால்ல இருக்கு.

— நீங்க சும்மா இருங்க பொன்னுச்சாமி. மூச்சை வீணாக்காதீங்க. டாக்டர், இதை எழுதிக் குடுத்தா நாளைக்கே என் கடையை மூடிருவாங்கங்க. ஜெயில்ல போட்டாலும் போடுவாங்க. என் கஃபீல், எனக்கு ஜாமீன் நிக்கிற அரபி, லண்டனுக்குப் போயிருக்காரு, ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வருவாரு. பிரபாவதியும் குழந்தையும் இங்க தனியா கெடப்பாங்கங்க.

— நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலையே. உங்க கடை, அவன் கால். எது பெரிசுன்னு நீங்கதான் பாத்துக்கணும். அப்பவே சொன்னீங்களே, எதுன்னாலும் செய்யறேன்னு.

— சேத்துக்குவீங்களா? நெசமாவா?

— படுக்கை தர்றேன்னு சொல்றேன். என் வாயால சொல்றேன்.

— டாக்டரண்ணே, எழுதாதீக. எனக்கென்ன, ஒத்தக் கட்ட. ஒங்களுக்குப் புள்ள இருக்கு.

— ஊருல உங்களுக்காக நாகவள்ளின்னு ஒருத்தங்க காத்துக்கிட்டிருக்காங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஒத்தக் கட்டையாம். பேனாவைக் குடுங்க டாக்டர்.

— இங்கிலீஷ்ல எழுதுங்க. அவனுக்கும் தெரியணும், அதனால தமிழ்ல சொல்றேன். ‘கீழே கையெழுத்திட்டிருக்கும் நான், மருத்துவத் தகுதி எதுவும் இல்லாதவன்.’

— எழுதிட்டனுங்க.

— ‘எதுவும்’கிறதை விட்டுட்டீங்க. சேருங்க. ‘இம்மாதம் மூன்றாம் தேதி பொன்னுச்சாமி என்ற தொழிலாளியின் முதுகை முரட்டுத்தனமாக முறுக்கினேன். அதன் பிறகே அவருடைய கால்கள் செயலிழந்தன.’

— முரட்டுத்தனமாங்கிறதும் வேணுமுங்களா?

— இல்லேன்னா யார் நம்புவா? உங்க விரலைப் பாத்தா வீணை வாசிக்கிறவர் விரல் மாதிரி இருக்கு. ‘ஆஸ்பத்திரி டாக்டர்கள் எச்சரித்தும் நான் கேட்கவில்லை.’ போடுங்க கையெழுத்து. பேருக்கு முன்னாடி ஒண்ணும் போடாதீங்க.

— போடலீங்க.

— ஏம்பா, இந்தப் பக்கம் திரும்பு. இடது கை பெருவிரல். இந்த மையில தொட்டு, இங்க வை.

— மாட்டேன்யா. இருபத்தஞ்சு வருசமா கைநாட்டு வைக்கிறேன், பொய்யில வச்சதில்ல.

— பொன்னுச்சாமி, இது என்ற பொய்யிங்க. பாவமும் என்ற கணக்குதான். விரலைக் குடுங்க. நானே புடிச்சுக்கறேன். காலு வேணுமில்லீங்களா? நேரம் போகப் போக நரம்பு செத்துக்கிட்டே போகுதுங்க.

— ஒங்க விரல்லயும் மை ஒட்டிக்கிச்சுண்ணே.

— பரவால்லீங்க. இப்படி வையுங்க. ஆச்சு. இந்தாங்க டாக்டர். பெட்டுக்குச் சொல்லியனுப்புங்க. எலும்பு டாக்டரு நீங்களே இருக்கீங்க, இன்னிக்கே தெறந்து அந்த அழுத்தத்தை எடுத்துட்டா...

— கொஞ்சம் இருங்க. ஒரு போன் பேசிக்கிறேன். ஹலோ, கேம்ப் ஆபீஸா? யாரு, வேலுச்சாமியா? டாக்டர் கல்யாணசுந்தரம் பேசறேன். உங்க கேம்ப் ஆள் ஒருத்தன், பொன்னுச்சாமி. ஆமா, சிமெண்ட் செக்‌ஷன். வெளியில ஒரு மசாஜ் கடையில போய் முதுகை ஒடிச்சுக்கிட்டு வந்திருக்கான். எழுத்துல இருக்கு, கைநாட்டும் இருக்கு. இல்லப்பா, சைட்ல அடிபட்டதில்லை. அதனால கம்பெனிக்குப் பொறுப்பு கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. விசாவை கேன்சல் பண்ணிடு. செவ்வாய்க்கிழமை பம்பாய் பிளேன்ல ஏத்திடு. ஸ்ட்ரெச்சர் கேட்டு வாங்கிக்கோ. ஆமா, கலாஸ், அவ்வளவுதான்.

— டாக்டர். சேத்துக்கறேன்னு சொன்னீங்களேங்க.

— படுக்கை தர்றேன்னு சொன்னேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் வராந்தாவில ஒரு கட்டில் போடச் சொல்றேன். டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்துவிடச் சொல்றேன். வாக்கு மாறலையே நான்.

— செவ்வாய்க்கிழமைக்குள்ள ரெண்டு காலும் போயிருமுங்க. அப்புறம் பம்பாயில எறங்கி, ரயிலு புடிச்சு... டிபிக்கு ஊசியாவது இன்னிக்கே ஆரம்பிங்க. சார்ட்ல ஒரு வரி எழுதுனாப் போதும், மெட்ராஸ்ல பாத்துக்குவாங்க.

— டிபின்னு எழுதினா பிளேன்ல ஏத்திக்க மாட்டான். எழுத முடியாது.

— அண்ணே, என்ன சொல்றாக? ஊருக்கா? இப்பிடியேவா?

— பொறுங்க பொன்னுச்சாமி. டாக்டர், அந்தக் காகிதத்தைக் குடுங்க. கிழிச்சர்றேன்.

— அது பெரிய டாக்டருக்குப் போற காகிதம். தொட்டீங்கன்னா போலீசைக் கூப்பிடுவேன். நாளைக்குக் கடையைத் திறக்காதீங்க, வந்து பூட்டறவங்க பூட்டிப்பாங்க. குடும்பத்தை அனுப்பறதுக்கு ஜலஜாகிட்டச் சொல்லி ஏதாவது உதவி பண்ணச் சொல்றேன். நல்ல பொண்ணு, பிரபாவதி.

— எனக்கு என்ன வேணும்னாலும் ஆகட்டுமுங்க. ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கு மனசு உறுத்தலீங்களா? ஒருக்காவது எந்திரிச்சு வந்து அவரு முதுகைத் தொட்டுப் பாத்தீங்களா? மூணு லெட்டரையும் படிக்காம, நோவு இன்னதுன்னே கண்டுபுடிக்கத் தெரியாம ஒரு மனுசனை மொடமாக்கி அனுப்பறீங்களேங்க.

— என்ன சொன்னீங்க? தெரியாமலா?

— ஆமாங்க. தெரியாமத்தான். நாலு வருசம் படிச்ச எனக்குத் தெரிஞ்சது, பத்து வருசம் படிச்ச உங்களுக்குத் தெரியலீங்க.

— குரலைத் தாழ்த்துங்க. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம், பாஸ்கர். எலும்புல கோல்டு மெடல் வாங்கினவன் நான். கல்யாணசுந்தரத்துக்கு நோய் தெரியலைன்னு ஒரு மசாஜ் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறதை நான் பொறுத்துக்க மாட்டேன். பெரிய டாக்டர் குப்பைன்னு எழுதினதுக்கு அப்புறம், அந்தக் குப்பைதான் சரின்னு படத்தைத் தூக்கிக்கிட்டுப் போய் அவர் முன்னாடி நிக்க எனக்கு என்ன பைத்தியமா?

— எந்தப் படமுங்க?

— வெளிச்சம் பட்டுப் போகலை. பதினாறு நாளா இந்த டிராயர்லதான் இருக்கு. இந்தாங்க, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சு நீங்களே எண்ணிக்கோங்க. பத்தாவது எலும்புதான்.